பூஜ்யத்துக்குப் பூஜ்யம் ஆடிய கேப்டன்

நேற்றுக் காலை எஸ்டேட் ஆபீஸுக்குள் நுழையும்போதே வாட்ச்மேன் எழுந்து நின்றார். "ரைட்டரய்யா, நம்ம கேப்டன் போயிட்டாருங்க." நாகலூர்ப் பக்கத்தில் கேப்டன் என்றால் ஒருவர்தான், சின்னச்சாமி அவர்கள். காப்பிக்கு நிழல் தரும் மரங்களில் ஏறிக் கிளை கழிப்பது அவர் வேலை. எங்கள் எஸ்டேட் வாலிபால் அணிதான் அவர் உயிர். அழுதேன். அவரை நினைத்து அழ முடிகிறதா? கொஞ்ச நேரத்தில் சிரித்துவிட்டேன்.

எழுபதுகளின் கடைசியில் நான் கணக்கெழுதும் ரைட்டராகச் சேர்ந்த புதிது. எங்கள் அணியில் வேலு எகிறி அடித்தால் எதிரணிக்குப் பந்தே தெரியாது. எங்கள் முதலாளி, பக்கத்துக் கொட்டச்சேட்டு எஸ்டேட் முதலாளியிடம் ஓர் அல்சேஷன் நாய்க்குட்டியை வாங்கிக்கொண்டு, வேலுவை அந்த எஸ்டேட்டுக்குக் கொடுத்துவிட்டார். மாற்றல் கடிதம் எழுதிய புண்ணியவான் அடியேன்தான். காப்பிப் பழம் பறிக்க ஆள் வேண்டும் என்று அவன் மனைவியை மட்டும் இங்கேயே நிறுத்திக்கொண்டார்கள். அந்தப் பெண் அப்போது ஆறு மாத கர்ப்பிணி.

சின்னச்சாமி நேரே முதலாளியிடம் போனார். "ஏனுங்க, அவனை ஒரு வார்த்தை கேட்டீங்களா?"

"நாயைக் கேட்டா வாங்கினேன்?" என்று முதலாளி சிரித்தார். இவர் சிரிக்கவில்லை.

பொங்கலை ஒட்டி ஏற்காட்டில் இறுதிப் போட்டி, எங்களுக்கும் கொட்டச்சேட்டுக்கும். முதலாளிகள் விருந்தாளிகளோடு முன்வரிசையில். அந்தக் காலத்து வாலிபாலில் சர்வீஸ் போடும் அணிக்குத்தான் பாயிண்ட். சர்வீஸ் வலையில் விழுந்தால் பந்து எதிரணிக்குப் போகும், பாயிண்ட் யாருக்கும் கிடையாது. எங்கள் ஆள் போட்டது வலையில் விழுந்தது. வேலு போட்டான், அதுவும் வலை. அப்புறம் பன்னிரண்டு பேரும் வலையிலேயே போட்டார்கள். கேப்டன் இரண்டு அணியிடமும் முன்பே பேசி வைத்திருக்கிறார் என்று அப்போதுதான் எனக்குப் புரிந்தது. ஒரு மணி நேரம் பூஜ்யத்துக்குப் பூஜ்யம்! ஒவ்வொரு தடவையும் கேப்டன் பந்தைத் துடைத்துப் பணிவாக எதிரணியிடம் நீட்டினார் பாருங்கள், அந்த மரியாதையில்தான் முதலாளிக்கு ரத்தம் கொதித்தது. அத்தனை பேருக்கும் வேலை போய்விடும் என்று நான் நடுங்கிக்கொண்டிருந்தேன். கூட்டமோ விழுந்து விழுந்து சிரித்தது.

கடைசியில் எங்கள் முதலாளியே இறங்கி வந்தார். "என்னய்யா வேணும்?"

"ஆளை மாத்தறதுக்கு முன்னாடி ஆளைக் கேளுங்க. இனி எப்பவும்ங்க. இப்ப வேலுவைக் கேளுங்க."

விருந்தாளிகள் பார்த்துக்கொண்டிருந்தார்கள். பல்லைக் கடித்துக்கொண்டு கேட்டார். வேலு தலையைச் சொறிந்தான். "கொட்டச்சேட்டுல குடுத்த ஊடு நொம்ப நல்லா இருக்குதுங்க. ஊட்டுக்காரியையும் அனுப்பிச்சீங்கன்னா அங்கயே இருந்துக்கறேனுங்க."

எனக்குத் தூக்கிவாரிப் போட்டது. கேப்டன் அசரவில்லை. "சொல்லிட்டானுங்க. ரெண்டு பேரையும் அனுப்புங்க." அதன் பிறகு ஆட்டம் நிஜமாக நடந்தது. வேலு அடித்த அடியில் எங்களுக்குப் படுதோல்வி.

திரும்பும்போது பஸ்ஸில் ஆற்றாமையோடு கேட்டேன்: "உங்களுக்கு என்ன கிடைச்சுது?"

"என்னங்க ரைட்டரய்யா, கேட்டா அவன் இஷ்டத்தைத்தானே சொல்லுவான்? என் இஷ்டத்தையா சொல்லுவான்?"

அதற்கப்புறம் எத்தனையோ முறை வேலுவிடம் தோற்றார். ஒவ்வொரு முறையும் "பாவிப்பய, என்னமா அடிக்கறான்!" என்று பெருமைப்பட்டார். நானும் ஆளைக் கேட்காமல் ஒரு மாற்றல் கடிதமும் எழுதியதில்லை.

இன்று அடக்கத்துக்கு வேலு மனைவியோடு வந்திருந்தார். "புள்ள பொறக்கறப்ப இவரு எம் பக்கத்துல இருந்தாருங்க, கேப்டனாலதானுங்க" என்று அந்த அம்மாள் தேம்பினார்.

கேப்டன், உங்களைக் கூட்டிக்கொண்டு போனவன் மட்டும் ஒரு வார்த்தை கேட்கவில்லை. அங்கே போயும் அவனைச் சும்மா விடமாட்டீர்கள் என்று எனக்குத் தெரியும். போய் வாருங்கள்.