நடுங்குகிற களி

அப்பா கப்பலில் சமையல்காரர். இரண்டு வருடத்துக்கு ஒருமுறை எங்கள் தீவுக்கு, இறுப்பிட்டிக்கு வருவார். வந்தால் குசினிப் பக்கமே போகமாட்டார். கடலெல்லாம் சமைத்துப் போடுகிறவருக்கு வீட்டில் தேத்தண்ணியும் அம்மாதான் போட்டுக் கொடுக்கவேண்டும். அந்த முறை மட்டும், இன்றைக்கு நான் சமைக்கிறேன் என்று நின்றார். எனக்கு அப்போது ஒன்பது வயது. வீட்டில் நான் ஒரே பிள்ளை.

தேங்காய்ப்பால் களி என்றார். கரீபியன் கடலில் ஒரு தீவுக்கு அவருடைய கப்பல் அடிக்கடி போகும். அங்கே வீட்டுக்கு வீடு இதைச் செய்வார்களாம். கவிழ்த்து வைத்தால் நடுங்கிக்கொண்டே நிற்குமாம். அதன் பெயருக்கும் அதுதான் அர்த்தமாம்.

பக்கத்து வளவிலிருந்து மாமி வந்துவிட்டார். அப்பாவின் அக்கா.

"அதுவும் தீவு, இதுவும் தீவு. இவன் உவ்வளவு தூரம் போய்க் கூழ் காய்ச்சப் பழகிக்கொண்டு வந்திருக்கிறான்" என்றார். அப்பா சிரித்தார்.

அம்மா சிரிக்கவில்லை. களைத்துப் போயிருந்தார். எங்கள் கிணறு உவர். நல்ல தண்ணிக்கு விடிய முதலே சைக்கிளில் குடம் கட்டிக்கொண்டு போகவேண்டும். அப்பா நின்றாலும் போனாலும் அது அம்மாவின் வேலை. அன்றைக்கும் போய்வந்து, தேங்காய் துருவி, பால் பிழிந்து கொடுத்துவிட்டு, குசினிச் சுவரில் சாய்ந்து இருந்துவிட்டார்.

அப்பா முதற்பாலை அப்படியே சட்டியில் விட்டு அடுப்பில் ஏற்றினார். திரைந்துபோகும் என்று அம்மா சொன்னார். எங்கள் பக்கத்தில் முதற்பால் கறியை இறக்கும்போது விடுவது. திரையாது என்றார் அப்பா. சோளமாவைக் கொஞ்சப் பாலில் கரைத்து ஊற்றினார். சீனியைக் கையால் அள்ளிப் போட்டார். அளக்கவில்லை. ஒரு துண்டுக் கறுவாப்பட்டை, கொஞ்சம் உப்பு. பிறகு அகப்பையை நிறுத்தாமல் ஒரே பக்கமாகச் சுழற்றினார். நான் பனைமட்டை தள்ளி நெருப்பைப் பார்த்துக்கொண்டேன். பால் திரையவில்லை.

அம்மா அவருடைய கையையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"கப்பலிலை எத்தினை பேருக்குச் சமைக்கிறனீங்கள்?"

"முப்பது பேர் வரும்."

"அப்ப ரெண்டு தேங்காய்க்கு எவ்வளவு மா எண்டு கைக்கு எப்பிடித் தெரியும்?"

அப்பா சட்டிக்குள் பார்த்தார்.

"அடிப்பிடிக்கப் போகுது. கொஞ்சம் கதையாமல் இரும்" என்றார்.

அம்மா பகிடி விடுகிறார் என்று மாமி சிரித்தார். நானும் சிரித்தேன்.

களி இறுக வேண்டும். எங்களிடம் பிரிட்ஜ் இல்லை. அப்பா ஒரு பேசினில் குடத்துத் தண்ணியைக் கவிழ்த்து, களிக் கிண்ணத்தை அதற்குள் வைத்தார். உவர்த் தண்ணியும் அதே குளிர்தான். அம்மா வெறுங்குடத்தை எடுத்து மூலையில் கவிழ்த்து வைத்தார்.

பின்னேரம் மாமி தனக்கு விரதம், களி எடுத்து வைக்க வேண்டாம் என்று சொல்லிவிட்டுப் போனார். அப்பா கிண்ணத்தைக் கவிழ்த்தார். களி வெள்ளையாக வந்து நின்று நடுங்கியது. நான் கை தட்டினேன்.

அவர் அலுமாரியில் இருந்து சாப்பாட்டுக் கோப்பைகளை எடுத்து வரிசையாக வைத்து, களியை வெட்டி வைத்தார். இரண்டு பெரிய துண்டு. இரண்டு சின்னத் துண்டு. பெரியதுகளுக்குக் கறுவாத்தூள் தூவினார். சின்னதுகளுக்குத் தூவவில்லை.

"சின்னனுகளுக்கு அந்தக் காரம் பிடிக்காது" என்றார்.

அம்மா கோப்பைகளைப் பார்த்தார்.

"மற்றச் சின்னத் துண்டு ஆருக்கு?"

அப்பாவும் குனிந்து பார்த்தார். அப்போதுதான் கண்டவர் போல. கத்தி கையில் இருந்தது. அதைத் துடைத்தபடியே, "அக்காவுக்கு" என்றார்.

"அவ விரதம் எண்டு சொல்லிப்போட்டுத்தானே போனவ."

"மறந்துபோனன்."

அம்மா அந்தக் கோப்பையை என் பக்கம் தள்ளினார். "நீ தின், பிள்ளை." தன்னுடைய துண்டை அவர் தொடவில்லை. அது விளக்கு வைக்கும் வரைக்கும் அங்கேயே இருந்தது. பிறகு கோழிக்குப் போட்டார்.

லீவு முடிந்து அப்பா போனார். அதற்குப் பிறகு வரவில்லை. அந்தத் தீவில் அவருக்கு ஒரு மனைவியும் இரண்டு பிள்ளைகளும் இருக்கிறார்கள் என்ற கதை, நான் பெரிய பெண்ணான பிறகுதான் ஊருக்கு வந்தது. ஓடிப்போய் அம்மாவிடம் சொன்னேன். சைக்கிளில் குடத்தைக் கட்டிக்கொண்டிருந்தவர் திரும்பவில்லை.

"களி காய்ச்சின அண்டைக்கே தெரியும்" என்றார். கயிற்றை இறுக்கிவிட்டுத் தண்ணிக்குப் போனார்.

எனக்கு அன்றைக்கு ஒன்றும் தெரியவில்லை. அம்மாவுக்கு ஒரு துண்டு, எனக்கு மட்டும் இரண்டு. அப்பாவுக்கு என்மேல்தான் பட்சம் என்று நினைத்தேன். அடுத்த நாள் பள்ளிக்கூடம் முழுக்க அதைச் சொல்லித் திரிந்தேன்.