சாம்பிராணிப் புகையில் மறைத்த பீடி

என் கையெழுத்து கோணல்மாணலாக இருக்கும், பொறுத்துக்கொள்ளுங்கள். ஐந்தாம் வகுப்போடு பள்ளியை விட்டவன் நான். எழுத்து ஏதாவது விட்டுப்போயிருந்தால் நீங்களே சேர்த்து வாசியுங்கள். விஷயத்தில் பிழை இல்லை. என் மகள் படுக்கும் அறையில், கதவைச் சாத்திக்கொண்டு, ஆறு வருடமாக பீடி குடித்தேன். அதை மறைத்தேன். பழியை என் மனைவி மேல் விழவிட்டேன்!

சேலத்தை அடுத்த இளம்பிள்ளை ஊர்ப் பக்கம் ஒரு பட்டறையில் தறி ஓட்டுகிறேன். நூல் இருக்கும் இடத்தில் நெருப்பு ஆகாது. தெருவில் நின்றும் குடிக்க முடியாது. மகளுக்கு மொட்டை போட்ட அன்று, எரிகிற சூடத்தை உள்ளங்கையால் அடித்து அணைத்து, இனிப் பீடியைத் தொடமாட்டேன் என்று மாரியம்மன் முன்னால் சத்தியம் செய்தவன் நான். தெருவே அன்று கோயிலில் நின்று பார்த்தது. ஒரு மாதம்தான் தாங்கினேன்...

ஆகவே மகள் படுக்கும் உள்ளறை. ஷிப்டு முடிந்து வரும்போது மகள் சிறுபிள்ளையில் முன்னறையில் அம்மாவோடு இருப்பாள், பெரியவளான பிறகு பள்ளியில் இருப்பாள். மனைவி மல்லிகா முன்னறையில் மெஷினில் தார் சுற்றிக்கொண்டிருப்பாள். தறிக்கு வேண்டிய நூலைச் சிறு கட்டைகளில் சுற்றுகிற வேலை அது. நான் ஜன்னலைச் சாத்துவேன். இரண்டு பீடி. பிறகு வாடை தெரியாமலிருக்க அறை முழுக்கச் சாம்பிராணி. புகையை மறைக்க இன்னொரு புகை! மல்லிகாவோ எனக்குப் பக்தி வந்துவிட்டது என்று நினைத்தாள்.

பிள்ளைதான் அறையில் இல்லையே என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். போர்வையிலும் தலையணையிலும் புகை தங்கும் என்று தெரியாது. தெரிந்திருந்தால் விட்டிருப்பேனா? நெஞ்சைத் தொட்டுச் சொல்ல முடியவில்லை...

மகள் தினமும் குறட்டை விட்டாள். வீட்டுக்கு வந்து தங்கிய மச்சான், காலையில் காபி குடித்துக்கொண்டே கேட்டார்: "ஏ மாப்ள, ராத்திரி உங்கூட்ல போர் போட்டாங்களாட்ட இருக்குது? தண்ணி வந்துச்சா?" எல்லோரும் சிரித்தோம். நானும் சிரித்தேன்! அசந்து தூங்குகிறாள் என்றுதான் நினைத்தோம்.

இரண்டாம் வகுப்பில் அவள் உட்கார்ந்தபடியே தூங்குவதாக டீச்சர் சொல்லி அனுப்பிய பிறகுதான் சேலம் போனோம். அங்கே ஃபேர்லேண்ட்ஸ் பகுதியில் ஒரு டாக்டர். சளி பிடித்து இரண்டு நாள் குறட்டை வந்தால் பயமில்லை, தினமும் என்றால் பார்த்தே ஆகவேண்டும் என்றார். மூக்குக்குப் பின்னால் சதை வளர்ந்திருக்கலாம், ஒவ்வாமை இருக்கலாம், உடம்பு எடை, பெற்றோருக்கும் குறட்டை, தூசி, புகை... பல காரணம் சேர்ந்தும் வரலாம் என்றார்.

"வீட்ல யாராச்சும் பீடி, சிகரெட் பிடிக்கறீங்களா?"

நான் வாய் திறக்குமுன் மல்லிகா முந்திக்கொண்டாள். "அதெல்லாம் இல்லீங்க டாக்டர். இவரு சூடமடிச்சு சத்தியம் பண்ணுனவருங்க!"

அவள் முகத்தில் எவ்வளவு பெருமை! நான் தலையைக் குனிந்தேன். ஆமாம் என்று தலையாட்டியதாக டாக்டர் எடுத்துக்கொண்டார். எழுதிக்கொண்டார்.

"தூசி?"

அவள் முகம் விழுந்தது. "நாந்தானுங்க ஊட்ல தார் சுத்தறேன்... பஞ்சு பறக்குமுங்க."

"கொஞ்ச நாளைக்கு மெஷின வெளிய வெச்சுப் பாருங்கம்மா."

மறுநாளே மெஷினைத் தன் அண்ணிக்குக் கொடுத்துவிட்டாள். அவள் கைப்பழக்கமான தொழில் அது. இப்போது வெயிலில் களையெடுக்கப் போகிறாள். ஒரு சனிக்கிழமை முன்னறையில் மகளுக்குத் தலை வாரிக்கொண்டே அவள் சொன்னது உள்ளறையில் இருந்த எனக்குக் கேட்டது. "அம்மாவாலதான் சாமி உனக்கு மூச்சடைக்குது..."

அப்போதும் என் கையில் பீடி இருந்தது!

அன்று அணைத்ததுதான் கடைசி. பெருமைக்குச் சொல்லவில்லை. விட்ட பிறகும் வாய் திறக்காமல் மூன்று மாதம் இருந்தேனே, அது எந்த வகை மனுஷத்தனம்?

இன்று காலை சொல்லிவிட்டேன். களைவேலைக்குச் சோற்றுத் தூக்குப்போசியை மூடிக்கொண்டிருந்தவள் அப்படியே நின்றாள்.

"ஏனுங்க, டாக்டரு கேட்டப்ப வாய்ல என்ன வெச்சிருந்தீங்க?"

போசி மூடியை ஓங்கி அழுத்தினாள்.

"எங்கிட்டச் சொல்லி என்னாகுது? நாளைக்கு அவருகிட்டச் சொல்லுங்க. நான் வாயத் தொறக்க மாட்டேன்." களைக்கொத்தை எடுக்க வேண்டியவள் கொடுவாளை எடுத்துக்கொண்டு போனாள். திரும்பிப் பார்க்கவில்லை.

ஆபரேஷன் வேண்டுமா என்று டாக்டர் நாளை முடிவு செய்யப்போகிறார். அவர் கையிலிருக்கும் சீட்டில் என் பொய் இருக்கிறது. அந்த வரியை அடித்துத் திருத்தவைக்காமல் அந்த அறையைவிட்டு வரமாட்டேன். நாலு பேர் முன்னால் எனக்குப் பேச்சு வராது. நாக்கு ஒட்டிக்கொண்டால் இந்தத் தாளையே நீட்டுவேன். இது உறுதி.

பள்ளி விட்டு வந்த மகள் உள்ளே தூங்குகிறாள். குறட்டை கேட்கிறது. அதில் பஞ்சு எவ்வளவு, சதை எவ்வளவு, என் புகை எவ்வளவு? எந்த டாக்டராலும் எனக்குப் பிரித்துச் சொல்ல முடியாது. இதை வாசிக்கிற உங்களாலும் முடியாது...

ஐப்பசி 12, பொழுது சாயும் நேரம்.