பேத்தி ஒத்துக்கொண்ட கணக்கு

நான் எதையும் எண்ணுகிறவன். சிங்காநல்லூரில் பஸ் ஏறினால் நிறுத்தங்களை எண்ணுவேன். மாதா கோவிலில் சாமியார் பிரசங்கம் வைத்தால் எரியும் மெழுகுவத்திகளை எண்ணுவேன். என் மகளின் மகளுக்கு என் கணக்கில் பிழை கண்டுபிடிப்பதே பொழுதுபோக்கு. "ஒண்ணு சேத்தி எண்ணிப்போட்டீங்க அப்பச்சி" என்று சொல்லாமல் அவளுக்குச் சோறு இறங்காது.

அவளுக்குச் சின்ன வயதிலேயே சர்க்கரை வந்துவிட்டது. தினமும் இன்சுலின் ஊசி. கல்லூரியில் சேர்ந்த வருடம், பெரிய வெள்ளிக்கிழமைக்கு எங்கள் எல்லாரையும் போல முழு நோன்பு இருக்கிறேன் என்றாள். மாலையில் கோவிலில் ஊற்றும் கஞ்சி மட்டும்.

"சாப்பிடாத நாளைக்கு ஊசி எதுக்குங்க? சர்க்கரை எறங்கிப்போச்சுன்னா மயக்கம் வந்துரும்" என்றாள். எங்களுக்கும் அது நியாயமாகவே பட்டது. ஊசி நின்றது. வெள்ளி இரவு வாந்தி எடுத்தாள். வெறும் வயிற்றில் பித்தம் என்று மகள் எலுமிச்சை பிழிந்து கொடுத்தாள். சனி விடியும்போது பிள்ளைக்கு மூச்சு இரைத்தது. வாயில் அழுகிய பழ வாடை.

ஆஸ்பத்திரியில் ரத்தத்தைப் பார்த்த டாக்டரம்மா தலையில் கை வைக்கவில்லை, அவ்வளவுதான். "சாப்பிடாட்டியும் ஒடம்பே சர்க்கரையை ஏத்தும், இன்சுலின் வேணுமுங்க. அளவுதான் மாறும், நிறுத்தவே கூடாது" என்றார். குளுக்கோஸ் பாட்டில் மாதிரி ஒன்றைத் தொங்கவிட்டார்கள், உப்புத் தண்ணீராம். கூடவே இன்சுலினும் ஏறியது. எல்லாம் நிதானமாகச் சொட்டியது. எனக்குப் பொறுக்கவில்லை.

"ஏனுங்க டாக்டர், இத்தனை சர்க்கரை ஏறிக் கெடக்குது, கொஞ்சம் வேகமா எறக்கக் கூடாதுங்களா?"

"இவ்வளவு ஏறினதை மெதுவாத்தான் எறக்கோணுமுங்க ஐயா. இந்த நிலைமையில சில பிள்ளைகளுக்கு மூளையில தண்ணி கோத்து வீங்கிரும். மூடி போட்ட டப்பாக்குள்ள உளுந்து ஊறுனா எப்படியிருக்கும்? மண்டை ஓட்டுக்குள்ள எடம் ஏதுங்க?" தலைவலி, அதிகத் தூக்கம், குணத்தில் மாற்றம், எது வந்தாலும் உடனே சொல்ல வேண்டும் என்றார். "பிள்ளையோட குணம் தெரிஞ்ச ஒருத்தர் பக்கத்துல இருங்க."

மகள் அழுதுகொண்டிருந்ததால் நாற்காலி எனக்கு வந்தது.

காலையில் கவலையே இல்லை. மேல்கூரையில் வெள்ளைச் சதுர அட்டைகள் பதித்திருந்தார்கள். எண்ணி, நாற்பத்தெட்டு என்றேன். கண்ணைத் திறக்காமலே, "லைட்டுப் பொட்டி ரெண்டையும் சேத்துப்போட்டீங்க. நாப்பத்தாறு" என்றாள். வந்ததுமே எண்ணி வைத்திருக்கிறாள், கள்ளி! சர்க்கரையும் இறங்கிக்கொண்டிருந்தது.

மதியத்துக்குப் பிறகு பேச்சு குறைந்தது. "தலை வலிக்குதுங்க" என்று முனகினாள். நர்ஸிடம் சொன்னேன்; டாக்டரிடம் சொல்கிறேன் என்று போனார். பிள்ளையின் கண் செருகுவது எனக்குப் பிடிக்கவில்லை. சண்டைக்கு இழுத்தால் விழித்துக்கொள்வாள் என்று, வாழ்க்கையில் முதல்முறையாக வேண்டுமென்றே தப்பாக எண்ணினேன்.

"கண்ணு, மேல அம்பத்திரண்டு அட்டை இருக்குது."

"ஆமாங்க அப்பச்சி. அம்பத்திரண்டு."

கதவைத் திறந்துகொண்டு, "ஏனுங்க, பிள்ளை நான் சொன்னதை ஒத்துக்குது! ஓடியாங்க!" என்று கத்தினேன். வெளியே இருந்தவர்கள் சிரித்தார்கள். டாக்டரம்மா சிரிக்கவில்லை. டார்ச் அடித்துக் கண்ணைப் பார்த்தார், நாடியைப் பார்த்தார், அது மெதுவாகியிருந்தது. ஸ்கேனுக்குக்கூடக் காத்திருக்காமல், தலைமாட்டை உயர்த்தி, மூளையிலிருந்து தண்ணீரை இழுக்கும் மருந்தை ஏற்றச் சொன்னார். என்னை வெளியே உட்காரவைத்தார்கள். அந்த நேரத்தில் மட்டும் நான் எதையும் எண்ணவில்லை.

ஈஸ்டர் ஞாயிறு காலை உள்ளே கூப்பிட்டார்கள். உதடு வெடித்துக் கிடந்தாள். ஆனால் கண் தெளிந்திருந்தது. தலைவலி இல்லையாம். மேலே கை காட்டினேன்.

"அம்பத்திரண்டு."

"யாரு சொன்னது?"

"நீதான் அம்மணி. நேத்து ஆமான்னு ஒத்துக்கிட்டே."

"நானா? சாகக் கெடந்தாலும் ஒத்துக்க மாட்டேனுங்க. நாப்பத்தாறு!"

எனக்குச் சிரிப்பும் கண்ணீரும் ஒன்றாக வந்தன. மகள் ஓடி வந்து, பிள்ளையைத் திட்டுவதா கொஞ்சுவதா என்று தெரியாமல் என்னைத் திட்டினாள். பாட்டில் மாற்ற வந்த நர்ஸ், "எதுக்குங்க இவ்வளவு சத்தம்?" என்று அண்ணாந்து பார்த்து, விரலை ஆட்டி எண்ணினார். "நாப்பத்தஞ்சுதானுங்களே!"

"தப்புங்க!" என்றோம் நானும் பேத்தியும் ஒரே குரலில்.