பிராகில் அக்காவோடு இரண்டு நாள்

சனிக்கிழமை காலை 7.15க்கு டிரெஸ்டனில் பேருந்து ஏறினோம், நானும் சுகந்தி அக்காவும். பிராக் நகரம் அங்கிருந்து நூற்றைம்பது கிலோமீட்டர். ஆளுக்குப் பதினைந்து யூரோ. அக்கா டிரெஸ்டனில் நர்ஸ். நான் ராஜபாளையத்தில் நூல் மில் ஃபிட்டர். புது மெஷினைப் பழகிவர மில்லில் பத்து நாள் ஜெர்மனியில் கெம்னிட்ஸ் நகருக்கு அனுப்பியிருந்தார்கள். இடையில் வந்த சனி, ஞாயிறு லீவுக்கு ஊர் சுற்றிக் காட்டுகிறேன் என்று அக்கா கூப்பிட்டிருந்தாள்.

அண்ணனும் ஒரு வேலை கொடுத்து அனுப்பியிருந்தான். கான்சாபுரம் மாந்தோப்பில் அக்காவுக்குள்ள பங்கை அவனுக்கு விட்டுக்கொடுப்பதாக ஸ்ரீவில்லிபுத்தூரில் எழுதி வாங்கிய பத்திரம் என் பையில் இருந்தது. அதில் அக்காவிடம் கையெழுத்து வாங்கிவர வேண்டும். எங்கள் பக்கம் பெண்பிள்ளைகள் இதற்கெல்லாம் மறுபேச்சுப் பேசுவதில்லை. அக்கா மட்டும் போனில் இரண்டு தடவை முடியாது என்று சொல்லிவிட்டாள். என் பங்கை யாரும் கேட்கவில்லை, நான் ஆம்பளையாச்சே.

காலை 9.30. பிராகில் நசநசவென்று மழை. பழைய நகரச் சதுக்கத்தில் பதினோரு மணிக்குக் கடிகாரக் கோபுரத்தின் சின்ன ஜன்னல்கள் திறந்து பொம்மைகள் வரிசையாக எட்டிப் பார்த்தன. ஒரு நிமிடம்கூட இல்லை. அதற்காக அம்புட்டுக் கூட்டமும் நனைந்துகொண்டு அண்ணாந்து நின்றது. பக்கத்தில் உருளையில் சுற்றிச் சுட்டுச் சர்க்கரையில் புரட்டிய ரொட்டி நூற்றைம்பது கொருனா, நம் காசுக்கு அறுநூறு ரூபாய்.

“வெலையப் பாக்காதலே, தின்னு,” என்றாள்.

மதியம் பூண்டு சூப், வாத்துக்கறி, மாவு உருண்டை. கறி பஞ்சுபோல வெந்திருந்தது.

“தோப்புல காய்ப்பு எப்படிலே?”

“பரவால்லக்கா.”

“பொறவு ஒரு நாள் வந்து பம்புசெட்டுக்கு மேக்க சின்னதா ஒரு வீடு கட்டலாம்னு இருக்கேன்.”

நான் சூப்பைக் குடித்தேன்.

ஞாயிறு காலை 8 மணி. சார்லஸ் பாலம் அரைக் கிலோமீட்டர் நீளம், இரு பக்கமும் கருத்துப்போன சிலைகள். பாதிப் பாலத்தில் பை ஜிப்பைத் தொட்டேன். அக்கா திரும்பி, குளிருதா என்று கேட்டுத் தன் மப்ளரை என் கழுத்தில் சுற்றிவிட்டாள். கேட்கவே கூடாது என்று அங்கேயே முடிவு செய்தேன். அப்புறம் கோட்டை ஏறினோம், இறங்கினோம். ஒன்றும் மனதில் நிற்கவில்லை.

மாலை 4.20. நான் கெம்னிட்ஸ் போக வேண்டும், அவள் டிரெஸ்டனுக்கு. பேருந்து நிலையத்தில் ஒரு உறையை நீட்டினாள்.

“நீ வாரேன்னதுமே எதுக்குன்னு தெரிஞ்சுபோச்சு. அண்ணன் போன்ல அனுப்புன பத்திரத்தத்தான் அச்செடுத்து, பெர்லின் தூதரகத்துல கையெழுத்துப் போட்டு முத்திரை வாங்கி வச்சிருக்கேன்.”

“அக்கா, நான் கேக்கலயே.”

“கேக்கலதான். வீட்டுப் பேச்ச எடுத்தேன்ல, ‘கட்டுக்கா’ன்னு ஒத்த வார்த்தை சொல்லுவியான்னு பார்த்தேன். சொல்லிருந்தா கிழிச்சுப் போட்டிருப்பேன்.”

என் பேருந்து வந்து நின்றது. அப்போதாவது சொல்லியிருக்கலாம். உறையை வாங்கிக்கொண்டு ஏறிவிட்டேன்.

எல்லை தாண்டும்வரை மழை விடவில்லை. நான் அவளிடம் கேட்கவே இல்லை என்று வழிநெடுக எனக்கு நானே சொல்லிக்கொண்டு வந்தேன். ஊரிலும் அப்படித்தான் சொன்னேன்.

அண்ணன் உறையைப் பிரித்துப் பார்த்துவிட்டு, “நீ போனாக் காரியம் நடக்கும்னு எனக்குத் தெரியும்லே,” என்றான்.