பட்டியலில் ஏறாத விமானி

ஜம்ஷீத் காவியானி ஈரானிய விமானப்படையில் கேப்டன். 1980இல் ஈராக்கியர் கையில் சிக்கியபோது அவர் உடம்பில் கிடந்ததோ ஒரு லாரி டிரைவரின் சட்டை. விமானம் சுடப்பட்டு அவர் குதித்து விழுந்த இடத்தில் நம் ஈரானியத் தரைப்படையாட்கள் முப்பது பேர் வளைக்கப்பட்டுக் கிடந்தார்கள். விமானி என்று தெரிந்தால் ஆளையே ஒளித்துவிடுவார்கள் என்று, லாரி ஓட்டும் ரஹ்மத் தன் மாற்றுச் சட்டையை அவருக்கு மாட்டிவிட்டான். முப்பது பேரும் மூச்சுவிடவில்லை.

முகாமில் ஆறு மாதம் ரஹ்மத்தான் அவருக்கு வாத்தியார்.

"என்னங்கய்யா, கவர்னர் வீட்டு விருந்துக்கு வந்த மாதிரி டீ குடிக்கிறீங்க? உறிஞ்சுங்க! சத்தம் வரணும்."

"வருதேய்யா."

"இதெல்லாம் ஒரு சத்தமா? கூடவே நாலு கெட்ட வார்த்தை சேருங்க. டிரைவர்னு ஒரு நாயாவது நம்ப வேணாமா?"

ஜம்ஷீத் சிரித்தார். சிரித்தாலும் மனசுக்குள் ஒரே கவலைதான். ஷீராஸில் இருக்கும் மனைவி மஹினுக்குத் தான் உயிரோடிருப்பது தெரிய வேண்டும். கல்யாணமாகி ஒன்றரை வருஷம்தான் ஆகியிருந்தது. செஞ்சிலுவைக்காரர்கள் வந்து பெயரைப் பதிந்து ஓர் எண் கொடுத்துவிட்டால் போதும். வீட்டுக்குக் கடிதம் போகும், அப்புறம் யாரும் ஆளை மறைக்க முடியாது.

அந்த நாளும் வந்தது. பத்துப் பத்துப் பேராக அறைக்குள் போகச் சொன்னார்கள். முதலில் நின்ற ரஹ்மத் வாசல்வரை போனான். சட்டென்று ஒதுங்கி, ஜம்ஷீத்தைப் பார்த்து நெஞ்சில் கைவைத்து, "நீங்க முன்னாடி போங்க" என்றான். மற்ற எட்டுப் பேரும் ஓரடி பின்வாங்கினார்கள். நம் ஊரில் பெரியவரை விட்டுவிட்டு எவன் வாசலைத் தாண்டுவான்? சரி, இவராவது விறுவிறுவென்று நுழைந்து தொலைத்திருக்கலாம். இவரும் நம்மாள்தானே!

"சேச்சே, நீ போப்பா."

"ஐயோ, நீங்க இருக்கும்போதா?"

"அட, போய்யா!"

பாழாய்ப்போன மரியாதை! வாசலோரம் நின்ற ஈராக்கிய மேஜருக்கு நம் பாரசீக மொழி நன்றாகத் தெரியும்.

"ஒரு லாரிக்காரனுக்கு ஒன்பது பேர் வழி விடுறாங்க. துரை யாருன்னு தெரிஞ்சுக்கலாமா?"

உள்ளே, பத்தடி தள்ளி, செஞ்சிலுவைக்காரர் பேனாவைத் திறந்துகொண்டிருந்தார். ஜம்ஷீத்தைப் பின்பக்கமாக இழுத்துப் போய்விட்டார்கள். ரஹ்மத் தன் கன்னத்தில் தானே அறைந்துகொண்டு அழுதானாம்.

அதற்கப்புறம் தனி அறை, நாலு தப்படி நீளம், ஜன்னல் கிடையாது. முதல் வருஷம் முழுக்க உள்ளங்காலில் அடி. அடித்தவர்கள் ஓய்ந்தபின் மேஜர் ஒரு தாளோடு வந்தான்.

"இதை எங்க ரேடியோவுல படி. நாலே நாலு வரி. உன் பொண்டாட்டி கேப்பா, நீ உசுரோட இருக்கேன்னு தெரிஞ்சுக்குவா."

அடியைக்கூடத் தாங்கிவிடலாம், இதை எப்படித் தாங்குவது! கூடப் பறந்த தோழர்களைக் கொலைகாரர்கள் என்று அவர் வாயாலேயே சொல்லச் சொல்லும் வரிகள் அவை. தாளைத் திருப்பிக் கொடுத்தார். அன்றைக்கு முன்பற்கள் மூன்று போயின. மேஜர் மாதாமாதம் வந்தான். மாதாமாதம் அவர் முடியாது என்றார். அவன் போனதும் சுவர்ப்பக்கம் திரும்பி, மஹின் பெயரைச் சொல்லி வெட்கமில்லாமல் அழுதார். இப்படியே ஒன்பது வருஷம் ஓடியது.

போர் முடிந்து இரண்டு வருஷம் கழித்துத்தான் விட்டார்கள். நாற்பத்தொரு வயதில் கிழவராக ஷீராஸில் வந்து இறங்கினார். மாலை போட்டார்கள், தெருவில் ஆடு அறுத்தார்கள். எல்லாம் அடங்கியபின் தம்பி தலையைக் குனிந்துகொண்டு விஷயத்தைச் சொன்னான். ஐந்தாம் வருஷம் அவரை இறந்தவராக அறிவித்துக் கல் நட்டுவிட்டார்களாம். அதற்கடுத்த வருஷம் மஹின் ஒரு பள்ளிக்கூட வாத்தியாரைக் கட்டிக்கொண்டாளாம்.

மறுநாள் அவளே வந்தாள். உட்காரச் சொல்லியும் உட்காரவில்லை.

"தெனமும் அந்த ஈராக் ரேடியோவைக் கேட்டேன் ஜம்ஷீத். அஞ்சு வருஷம்! புடிபட்டவன் ஒவ்வொருத்தனும் வந்து நம்ம நாட்டைத் திட்டுவான். இங்க அவன் அம்மா தெருவுக்கே மிட்டாய் குடுப்பா, புள்ள இருக்கானேன்னு. நீங்களும் திட்டியிருக்கலாம்ல? உங்க குரல் வந்திருந்தா நான் காத்துட்டு உக்காந்திருப்பேனே!"



"படிக்கச் சொன்னாங்க மஹின். நான்தான் மாட்டேன்னுட்டேன்."

"எத்தனை தடவை சொன்னாங்க?"

"மாசா மாசம்."

மஹின் முக்காட்டை இழுத்துவிட்டுக்கொண்டு வெளியே போனாள்.