நாற்காலி கேட்டுக் கைதானவர்கள்

கைது என்றால் ஜெயில், ஜெயில் என்றால் களி என்று முப்பது வயது வரை முழு மனதாக நம்பியவன் நான். போன வாரம் தக்கலையில் ஒரு கல்யாண மண்டபத்துக்குள் நுழைந்ததும் பினாயிலும் எலுமிச்சைச் சாதமும் கலந்த வாசம் அடித்தது. அந்த வாசத்தில் மற்றவர்களுக்குச் சொந்தபந்தம் நினைவுக்கு வரும். எனக்குப் போலீஸ் வந்தது.

குமரி மாவட்டத்துக் கருங்கல் ஊரில் கல்யாணப் படம் எடுத்துக்கொண்டிருந்த என்னைச் சென்னையில் ஒரு சின்னப் பத்திரிகை வேலைக்கு எடுத்திருந்த காலம். ஃபிலிம் கேமராதான். துணிக்கடைகளில் நாளெல்லாம் நின்றபடி சேலை விரித்துக் காட்டும் பெண்கள், உட்கார நாற்காலி கேட்டு நடுரோட்டில் மறியல் செய்தார்கள். நான் போனதும், பழக்க தோஷம், கொஞ்சம் நெருங்கி நின்று சிரிக்கச் சொன்னேன். கோஷம் நின்றுவிட்டது. மாப்பிள்ளை ஓடிப்போன கல்யாணத்தில்கூட யாரும் என்னை அப்படிப் பார்த்ததில்லை.

பிறகு நல்ல கோணம் தேடிப் போலீஸ் பஸ்ஸில் ஏறினேன். பின்னாலேயே பெண்களையும் ஏற்றிக் கதவைச் சாத்திவிட்டார்கள். என் அடையாள அட்டையோ அறையில் கழற்றிப்போட்ட சட்டைப் பையில்.

"சாரே, நான் படம் எடுக்க வந்தவனாக்கும். வீட்டுக்கு ஒத்தப் பிள்ள சாரே."

எனக்கு அண்ணன் தம்பிகள் நாலு பேர்.

"அதுக்கு இன்னா இப்போ? குந்து," என்றார் போலீஸ்காரர்.

பக்கத்தில் இருந்தவள் என் பேச்சைக் கேட்டுச் சிரித்தாள். பெயர் ரோஸ்லின், நம்மூர்க் கடற்கரைப் பெண். காய்ச்சல் என்று கடையில் பொய் சொல்லிவிட்டு மறியலுக்கு வந்திருக்கிறாள்.

"பேடிக்காதீங்கண்ணே. கல்யாண மண்டபத்துலதான் கொண்டு இருத்துவாவ. சாயங்காலம் விட்டுருவாவ."

நான் நம்பவில்லை. ஜாமீனுக்கு எந்த மாமாவைக் கூப்பிட்டால் ஊரெல்லாம் சொல்லாமல் இருப்பார் என்று யோசித்துக்கொண்டே போனேன். அப்படி ஒரு மாமா எனக்கு இல்லை.

மண்டபமேதான். உள்ளே வரிசை வரிசையாக நாற்காலிகள். நாற்காலி கேட்டவர்களைக் கைது செய்து நாள் முழுக்க உட்காரவைத்தது அரசாங்கம். ரோஸ்லின் நேரே மேடையேறி, மாப்பிள்ளையின் சிவப்பு ஆசனத்தில் அமர்ந்து, நரம்பு புடைத்து வீங்கிய கால்களைப் பெண்ணின் ஆசனத்தில் நீட்டினாள். இதைவிட நல்ல படம் எங்கே கிடைக்கும், நீங்களே சொல்லுங்கள். ஆனால் அவள் முகம் பத்திரிகையில் வந்தால் வேலை போகும், கடைக்காரர் கொடுத்த விடுதியும் போகும். காலை மட்டும் எடுக்கட்டுமா என்று கேட்டேன்.

"மூஞ்சி இல்லேன்னா இது ஆருக்க காலுன்னு ஆருக்குத் தெரியும்? எனக்க மூஞ்சியும் வரட்டு. எடுங்க."

மறுநாள் முதல் பக்கத்தில் வந்தது. கால் நரம்பு ஒவ்வொன்றும் துல்லியம். முகம் மட்டும் கலங்கல். ஒரு பெண்ணின் பிழைப்பைக் காத்த மனிதாபிமானி என்று ஆசிரியர் என் முதுகில் தட்டினார். நானும் அடக்கமாகத் தலையைக் குனிந்துகொண்டேன். ரோஸ்லின் மட்டும் ஆபீசுக்கு ஃபோன் போட்டாள்.

"சொல்லியும் எதுக்கு அண்ணே மறச்சீங்க?"

"மறைக்கல்ல மக்கா. அவசரத்துல நான் பாக்கல்ல. ஃபோகஸ் காலுலயே நின்னுட்டு."

அவள் ஃபோனை வைத்துவிட்டாள்.

அந்தப் பத்திரிகை இன்றில்லை. அதன் நெகட்டிவுகள் எந்தக் குப்பையில் போயினவோ. ஃபிலிம் கழுவும் கடையே எங்கும் இல்லை.

படத்தில் இருந்தது யாரென்று கடைக்காரருக்குத் தெரியவில்லை. ரோஸ்லினுக்கு வேலை போகவில்லை. அடுத்த நாள் காலையில் கடைக்குப் போய், கடை சாத்தும்வரை நின்றாள்.