அர்மகெதோன் என்று நான் கூப்பிட்டவன்

ஒரு தாயின் அழுகையைத் திருடி, அவள் மகனுக்கே பட்டப்பெயராக வைத்தவன் நான்.

நேற்று மணவாள நகர் வீட்டில் கரண்ட் போனதும் பேரன் போனில் யாரிடமோ, "வைஃபை இல்லடா, டோட்டல் ஆர்மகெடான்!" என்று சிரித்தான். வெள்ளத்தில் அழுகிய நெல்லின் நாற்றம் என் மூக்கில் ஏறியது.

நான் பள்ளியில் படித்தபோது, ஆரம்பாக்கத்தில் ஏரி உடைந்த மழைக்காலம். எங்கள் மாடிவீடு தப்பியது. எங்கள் நிலத்தில் கூலிக்கு உழைத்தவர்களின் குடிசைகள் போயின. என் வகுப்புத் தோழன் யேசுதாஸின் தங்கையும் போனாள். அவன் அம்மா சேற்றில் உட்கார்ந்து, "அர்மகெதோன் வந்துடுச்சே" என்று கதறினாள். உலகத்தின் கடைசிப் போருக்கு அவர்கள் வேதம் சொல்லும் பெயர் அது; பேரன் இங்கிலீஷில் சொல்லிச் சிரித்ததும் அதே பெயர்தான்.

அவன் இரவல் சட்டையில் பள்ளிக்கு வந்தபோது வாசலிலேயே கேட்டேன்: "இன்னாடா அர்மகெதோன், சட்டை யாருது?" எல்லோரும் சிரித்தார்கள். இதை எழுதும்போதும் என் சிரிப்பு எனக்கு அருவருப்பாக இருக்கிறது. பெயர் ஒட்டிக்கொண்டது. பொங்கலுக்குள் அவன் படிப்பை விட்டுவிட்டான்.

இன்று காலை கும்மிடிப்பூண்டியில் அவன் வீட்டைத் தேடிப் போய் மன்னிப்புக் கேட்டேன். கம்பெனி வேலையிலிருந்து ஓய்வு பெற்றிருந்தான். எனக்கு நாற்காலி போட்டான்.

"உடு நைனா, நான் எப்பவோ மறந்துட்டேன்."

டீயைக் கையில் கொடுத்துவிட்டுச் சொன்னான்: "எங்கம்மாதான் அன்னிக்கு என்னை உட வந்து, பள்ளிக்கூட வாசல்ல நின்னுக்கினு நீ கூப்ட்டதைக் கேட்டுச்சு. அப்புறம் சாவுற வரைக்கும் எதுக்கும் வாய்விட்டு அழுவவே இல்ல."